அம்மீட்டர் முள்ளும் எல்.இ.டி. வெளிச்சமும்

பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலையை மேலிருந்து பார்த்தால், ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் அளவுக்கு இன்னொரு வட்டம் தெரியும். அதற்குள் ஒரு முள். இடப்பக்கம் மைனஸ், வலப்பக்கம் பிளஸ். இன்று பழைய புல்லட்டை ஆசைப்பட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலர் அதைப் பெட்ரோல் மீட்டர் என்று நினைத்து, "டேங்க் ஃபுல் பண்ணியும் முள் நடுவுலயே நிக்குதே" என்று கேட்கிறார்கள். அது அம்மீட்டர். பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போனால் முள் மைனஸுக்குச் சாயும், பேட்டரிக்குள் கரண்ட் ஏறினால் பிளஸுக்குச் சாயும். அந்தக் காலத்தில் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு அந்த முள் ஒன்று போதும், பாதி பழுதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாவியைப் போட்டதும் முள் கொஞ்சம் மைனஸ் பக்கம் போக வேண்டும். பிளாட்டினம் பாயிண்ட் மூடியிருக்கிறது, இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் முள் சட்டென்று நடுவுக்குத் திரும்பும். அங்கேதான் பாயிண்ட் திறக்கிறது, பிஸ்டனும் கம்ப்ரஷனின் உச்சிக்கு வந்துவிட்டது. டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை அந்த உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. வண்டி எடுத்துக்கொள்ளும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர்களின் முழங்கால் அதற்கு விலை கொடுத்தது.

வண்டி ஓடாத நேரத்தில் கரண்ட் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பதையும் அதே முள் சொல்லும். பிரேக்கை மிதித்ததும் முள் துள்ளினால் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, பிரேக் லைட் எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே ஆடும். சாவி போட்ட உடனே முள் மைனஸ் கோடியில் போய் முட்டி நின்றால் எங்கோ ஷார்ட், உடனே சாவியைப் பிடுங்க வேண்டும். எத்தனை உதைத்தாலும் முள் அசையவே இல்லையென்றால் பேட்டரி செத்திருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும், அல்லது பாயிண்ட்டில் அழுக்கு. இரவில் ஹெட்லைட் போட்டு நல்ல வேகத்தில் போகும்போதும் முள் மைனஸை விட்டு வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் சோர்ந்துவிட்டது, பேட்டரியைத் தின்றுகொண்டு வண்டி ஓடுகிறது, வீடு போய்ச் சேர வேண்டுமானால் லைட்டை அணைத்துவிட்டு நிலா வெளிச்சத்தை நம்ப வேண்டியதுதான்.

இப்போது வரும் வண்டிகளில் அந்த முள் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஓர் எஞ்ஜின் விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும் என்று மட்டும் தெரியும்.

அந்தப் பழைய புல்லட்டைச் செய்த என்ஃபீல்டு இந்தியா, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையின் பாடியில், வண்டிகளுக்கு மின்பாகம் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் கற்ற பாடத்தில் பெரும்பகுதி இந்த லூகாஸ் வழிவந்தது. வயர் நிறங்கள்கூட அப்படித்தான். நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு இருந்தால் டிப், கறுப்பு என்றால் எர்த். இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனியின் ஜோசப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று கேலிப்பெயர் வைத்திருந்தார்கள், நடுவழியில் விளக்கு அணைந்துவிடும் என்பதற்காக. ஆனால் பழியை முழுக்க அவர் தலையில் கட்டுவது சரியில்லை. பாதிக் குற்றம் அந்தக் கால வண்டிகள் ஓடிய 6 வோல்ட்டின் மேல் இருந்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு 36 வாட்ஸ் பல்பு 6 வோல்ட்டில் எரிய 6 ஆம்பியர் வேண்டும். அதே 36 வாட்ஸ் 12 வோல்ட்டில் 3 ஆம்பியரில் எரிந்துவிடும். இப்போது ஹெட்லைட் ஹோல்டரில் கொஞ்சம் துரு, ஓர் ஓம்மில் பத்தில் ஒரு பங்கு தடை. கண்ணுக்குத் தெரியாத துருதான். 6 வோல்ட் வண்டியில் அது 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையாது, ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 12 வோல்ட் வண்டியில் அதே துரு 0.3 வோல்ட்டைத்தான் தின்னும், வெளிச்சத்தில் எட்டு சதவீதம் போகலாம். நாம் கவனிக்கக்கூட மாட்டோம். பழைய வண்டிகளில் வெளிச்சம் ஏன் அத்தனை மோசம் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. துரு என்னவோ அதே துருதான், அதற்கு அன்று கூலி அதிகம்.

வெளிச்சம் மோசம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பழைய வண்டி என்றாலே உருகிப்போகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. அந்தக் காலத்து 6 வோல்ட் ஹெட்லைட் சாலையில் ஒரு மஞ்சள் வட்டத்தைப் போடும், அவ்வளவுதான். மழை பெய்தால் அந்த வட்டமும் தெரியாது. சிக்னலில் நின்றால் வெளிச்சம் செம்பு நிறத்துக்கு இறங்கும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால்தான் திரும்ப ஏறும். டி.வி.எஸ். 50 இன்னும் ஒரு படி கீழே. 1980-இல் வந்த அந்த வண்டியில் விளக்குக்கான கரண்ட் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும். மெதுவாகப் போனால் மினுமினுப்பு, வேகமாகப் போனால் பளிச். டிப் பண்ணும்போது ஒரு பல்பு போனால் அத்தனை கரண்டும் டெயில் லைட்டுக்குப் பாய்ந்து அதுவும் போய்விடும். பெட்டிக்கடையில்கூட பல்பு விற்றார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

இனி கடைக்குப் போவோம். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையின் பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்று எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது டைனமோ கடை. வாசலில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக பல்புகள், அவற்றின் வழியாக இரவெல்லாம் பேட்டரிகள் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். ஆசிட் வாடை தெருமுனைவரை வரும். 6 வோல்ட் பேட்டரிக்கு மூன்று மூடி. ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்ப்பார்கள். மிதவை 1.250-க்கு மேல் காட்டினால் பேட்டரி தேறும். ஒரு செல் மட்டும் கீழே காட்டினால், "ஒரு கண்ணு போச்சு தம்பி, இனி எத்தனை சார்ஜ் போட்டாலும் ஒரு வாரந்தான்" என்பார் கடைக்காரர். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான பூஞ்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவி அனுப்புவார்.

அவரிடம் இருந்த கருவிகள் மிகக் கொஞ்சம். ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது ஹோல்டரோடு ஒரு பல்பு, இரண்டு வயர், முனையில் கிளிப். ஒரு கட்டிங் பிளேயர். சால்டரிங் கட்டை. ஃபீலர் கேஜ் இருந்தது, ஆனால் கண்ணாலேயே பாயிண்ட் இடைவெளியைச் சொல்லிவிடுவார். டைமிங் பார்க்க சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, தாள் எப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது என்று விரலில் உணர்வார். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி என்றிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்பிவிட மாட்டார். கண்டன்சர் போயிருக்கிறது என்று அதையும் மாற்றுவார். பிளக்கில் வரும் தீப்பொறி நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளாக மெலிந்து வந்தால் காயில் பக்கம் போவார். எல்லாமே கண், காது, விரல்.

ஒரு தடவை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஃபியூஸ் போகிறது, மாற்றினால் ஓடுகிறது, அடுத்த நாள் மறுபடி போகிறது. வேறு கடையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் டைனமோ கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபியூஸ் போறது வண்டியக் காப்பாத்தத்தான் சார். இத வெச்சீங்கன்னா ஃபியூஸுக்குப் பதிலா வயரிங் கிட்டு போகும்." வெள்ளித்தாளைப் பிரித்து எறிந்துவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு கிளிப்பையும் மாட்டினார். சாவியைப் போட்டார். பல்பு மங்கலாக எரிந்தது. காயிலுக்குப் போகும் கரண்ட், அதில் தப்பில்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தார். பிறகு, "ஹேண்டில இடது பக்கம் முழுசாத் திருப்புங்க சார்" என்றார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நேராக்கச் சொன்னார், மங்கியது. மறுபடி திருப்பச் சொன்னார், பளிச். ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் டேப்பைப் பிரித்தால் ஒரு சிவப்பு வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அது ஃபிரேமில் பட்டிருக்கிறது. வயரைக் கத்தரித்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, திரும்பும்போது இழுபடாத மாதிரி கொஞ்சம் தொங்கவிட்டுக் கட்டினார்.

இந்த முறையின் அழகு அந்த பல்பில் இருக்கிறது. ஷார்ட் எத்தனை பெரியதாக இருந்தாலும் பல்பு அளவுக்குத்தான் கரண்ட் போகும், வயர் கருகாது. ஃபியூஸ் ஒன்றுகூட வீணாகாமல், மணிக்கணக்கில் நிதானமாக ஷார்ட்டைத் தேடலாம். இன்றும் 12 வோல்ட் வண்டியில் இதைச் செய்யலாம், 12 வோல்ட் பல்பு வேண்டும், அவ்வளவே. செய்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

ஜாவா பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1960 முதல் 1996 வரை ஓடியது. அந்தப் பழைய ஜாவாவின் சாவி ஒரு கம்பித் துண்டு, தலையில் ஒரு குமிழ். சாவி தொலைந்தால் சரியான தடிமனில் ஓர் ஆணி போதும். திருடர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் அந்த வண்டியைத் திருடிக் கிளப்பிக்கொண்டு போகத் தனித் திறமை வேண்டும் என்பதால் பெரிய சேதமில்லை.

பிறகு மாற்றம் வந்தது, வேகமாகவே வந்தது. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் இறங்கின. பாயிண்ட் போய், அதன் வேலையை மின்னணுவால் செய்யும் சி.டி.ஐ. வந்தது. ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதபடி பிசின் ஊற்றி அடைத்தது. ஒசூரில் இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ் இங்கேயே மேக்னெட்டோவும் சி.டி.ஐ.யும் செய்தது. 12 வோல்ட் எல்லா வண்டிக்கும் வந்தது, ஹாலஜன் வந்தது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி வந்தது. புல்லட் ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்து, 2000-களின் தொடக்கத்தில் எலக்ட்ராவில் பாயிண்டை விட்டது. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சே போய்விட்டது, எஞ்ஜின் ஓடினால் லைட் எரிந்தாக வேண்டும் என்று சட்டம். பகலில் லைட் எரியவிட்டு வருகிறவரைப் பார்த்து எதிரில் வருகிறவர் விரல்களை மூடித் திறந்து காட்டும் அந்தத் தமிழ்நாட்டு உபகாரம் சில வருஷம் தொடர்ந்து, பிறகு அலுத்து நின்றுவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது கார்புரேட்டரும் விடைபெற்றது. இப்போது பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போது என்று தீர்மானிப்பது இ.சி.எம். என்ற மின்னணுப் பெட்டி.

இந்த மாற்றத்தால் நஷ்டம் என்று சொல்ல நான் வரவில்லை. இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் மாட்டுவண்டியை முன்கூட்டியே பார்க்க முடிகிறது, அதற்காக எத்தனை அம்மீட்டரை வேண்டுமானாலும் கொடுக்கலாம். மழையில் வண்டி நின்றுபோவது அபூர்வமாகிவிட்டது. என் புகார் வேறு. புது வண்டிக்கு ஏற்ற வைத்தியத்தைப் பழைய வண்டிக்கும் செய்கிறார்கள்.

புது வண்டியில் ஒரு பெட்டி பழுதானால் பெட்டியை மாற்றுவதுதான் வழி. பிசின் ஊற்றிய சி.டி.ஐ.யைப் பிரித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஸ்கேனர் மாட்டுகிறார்கள், அது ஒரு பழுது எண்ணைச் சொல்கிறது. அதுவும் சரிதான். சொல்லப்போனால் பழைய கை வைத்தியம் இங்கே ஆபத்து. அந்த டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுபோய் சென்சார் வயரில் வைத்தால், அது தாங்காத அளவுக்கு கரண்டை இழுத்து இ.சி.எம்.மையே சாகடித்துவிடலாம். வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "நிக்கலேன்னா சார்ஜ் ஆகுது" என்று சோதிப்பது அந்தக் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அதைச் செய்தால் வோல்ட் தாறுமாறாக எகிறி, மின்னணுப் பெட்டிகள் கூண்டோடு போகும்.

ஆனால் முப்பது நாற்பது வருஷத்துப் பழைய வண்டியின் மின் பழுது பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. வயரில் இருக்கிறது, கனெக்டரில் இருக்கிறது, எல்லாவற்றையும்விட எர்த்தில் இருக்கிறது. அதைத் தேடப் பொறுமை வேண்டும். பொறுமைக்குக் கூலி யாரும் கொடுப்பதில்லை, பாகத்துக்குக் கொடுக்கிறோம். ஆகவே முதலில் ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள், அடுத்து பேட்டரியை, அதற்கடுத்து பல்பை.

நண்பர் ஒருவர் தன் பழைய 12 வோல்ட் புல்லட்டை ஆசை ஆசையாகப் புதுப்பித்தார். சென்னை ஜி.பி. ரோட்டில் சாமான், அங்கே கிடைக்காத மீதிச் சாமான் புதுப்பேட்டையில், ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங். வண்டி பளபளத்தது, ஹெட்லைட் மட்டும் மங்கல். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்கியது. பிரேக் மிதித்தால் டெயில் லைட் கூடுவதற்குப் பதில் குறைந்தது. கடையில் ரெகுலேட்டர் மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள். கடைசியில் "வயரிங்கே மோசம் சார்" என்று எல்.இ.டி. பல்பு போடச் சொன்னார்கள்.

ஒரு லைட் இன்னொரு லைட்டோடு சேர்ந்து மினுக்கினால் எர்த் இல்லை என்று டைனமோ கடைக்காரர் தூக்கத்திலேயே சொல்லியிருப்பார். பல்புக்குள் வந்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப ஃபிரேம் வழி கிடைக்காவிட்டால், பக்கத்து இழை வழியாக வேறு பாதை தேடும். ஆனால் இந்த இடத்தில் இன்றைய கருவி அன்றைய கருவியைவிடக் கெட்டி. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் எடுத்தோம். ஹெட்லைட் எரியும்போதே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் 12.4 வோல்ட். பல்பின் இரண்டு முனையிலும் வைத்தால் 9.9. மீதி இரண்டரை வோல்ட் வழியில் எங்கே தொலைகிறது? பேட்டரி பிளஸிலிருந்து பல்பின் பிளஸுக்கு வைத்தோம், 0.3 வோல்ட்தான். அந்தப் பக்கம் பரவாயில்லை. பேட்டரி மைனஸிலிருந்து பல்பின் எர்த்துக்கு வைத்தோம், 2.2. திருடன் அங்கே இருந்தான். சீட்டைக் கழற்றினால் எர்த் வயரின் வளையம் பவுடர் கோட்டிங் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. பெயிண்ட் கரண்ட்டைக் கடத்தாது. போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கினோம். பின்பக்கம் டெயில் லைட் மட்கார்டுக்கும் அதையே செய்து, தனியாக ஒரு கறுப்பு வயரையும் இழுத்துக் கொடுத்தோம். புது ரெகுலேட்டரும் புது பேட்டரியும் வீண் செலவு.

வோல்ட் எங்கே விழுகிறது என்று தேடும் இந்த வழிக்கு ஒரு விதி உண்டு, விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் துருப்பிடித்த வயரும் முழு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டையே இழுப்பதில்லை. மல்டிமீட்டர் வைத்திருந்தும் ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பழைய டெஸ்ட் லேம்ப் இங்கே ஏமாற்றாது, எரிய வேண்டிய கரண்ட் வரவில்லையென்றால் மங்கலாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்.இ.டி. விஷயத்துக்கு வருகிறேன். வெளிச்சம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பழைய வண்டியில் எல்.இ.டி.யை அப்படியே திணித்தால் அது தனக்கென்று சில வேடிக்கைகளைக் கொண்டுவரும். இண்டிகேட்டரின் பழைய ஃபிளாஷருக்குள் சூடேறி வளையும் ஒரு தகடு இருக்கிறது. இரண்டு பல்பு இழுக்கும் கரண்ட்டில்தான் அது சூடேறும். எல்.இ.டி. இழுக்கும் சொற்பக் கரண்ட்டில் அது வளையாது, இண்டிகேட்டர் மினுக்காமல் நின்று எரியும். ஃபிளாஷரை மாற்றினால் மினுக்கும், ஆனால் சில வண்டிகளில் இடது போட்டால் வலதும் சேர்ந்து நான்கும் மினுக்கும். காரணம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஸ்பீடாமீட்டரில் இருக்கும் ஒற்றைக் குறி விளக்கு. அதன் வழியாகக் கசியும் கரண்ட் பழைய பல்பை எரிக்காது, எல்.இ.டி.யை எரித்துவிடும். இரண்டு டயோட் போட்டால் தீரும். ஹெட்லைட் நேராக மேக்னெட் காயிலிலிருந்து ஓடும் வண்டிகளில் எல்.இ.டி. துடிக்கும், சீக்கிரமே சாகும்.

இன்னும் பழைய 6 வோல்ட் வண்டியில் கதை மோசம். அவற்றில் பலவற்றில் ரெக்டிஃபயர் மட்டும்தான், ரெகுலேட்டர் கிடையாது. லைட் சுவிட்சைத் திருப்பும்போது ஆல்டர்னேட்டரின் கூடுதல் காயில்களும் சேரும், ஹெட்லைட் அந்தக் கரண்ட்டைத் தின்றுவிடும், இப்படிக் கணக்காக அமைத்திருந்தார்கள். எல்.இ.டி. போட்டால் தின்ன ஆளில்லை. அத்தனையும் பேட்டரிக்குப் போய் ஆசிட் கொதிக்கும். ஒரு ரெகுலேட்டர் சேர்க்காமல் இந்த வண்டிகளில் எல்.இ.டி. போடுவது பேட்டரிக்குச் செய்யும் துரோகம். இழை பல்புக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துவது தனி. எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட் நடுவில் வைக்கும் கறுப்புப் பொட்டு இல்லையென்றால் போலீஸ் நிறுத்திய ஊர் இது.

என் பார்வையில் எல்.இ.டி.யின் பெரிய கேடு மற்றொன்று. அது கரண்ட் குறைவாக இழுப்பதால் கெட்ட எர்த்திலும் நன்றாக எரியும். பழுது தீராமல் ஒளிந்துகொள்ளும். பிறகு ஹாரனில் வெளிப்படும், செல்ஃப் ஸ்டார்ட்டரில் வெளிப்படும், மழை இரவில் வெளிப்படும்.

நிறக் குழப்பமும் இன்றைக்கு வந்த தலைவலி. ஹோண்டா வழிவந்த வண்டிகளில் பச்சை வயர் எர்த். லூகாஸ் வழி வண்டியில் பச்சை என்றால் பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் கரண்ட் கொண்டுபோகும் வயர். ஸ்பிளெண்டரில் கை பழகிய பையன் பழக்க தோஷத்தில் பழைய வண்டியின் பச்சையை ஃபிரேமில் கொண்டுபோய் முடுக்கினால் புகை வருவதைப் பார்க்கலாம். யமஹாவில் எர்த் கறுப்பு, சுசுகியில் கறுப்பும் வெள்ளையும். அதுவும் முன்னால் வைத்திருந்தவர் கிடைத்த வயரையெல்லாம் போட்டு முறுக்கி டேப் சுற்றியிருந்தால் எந்த நிறத்தையும் நம்ப வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வண்டிக்குப் புது வயரிங் கிட் வாங்கிப் போட்டுவிடுவதே லாபம். பழைய மாடல்களுக்கும் இப்போது கிட் கிடைக்கிறது. நல்ல கிரிம்ப்பிங் கருவியும், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவும் அன்றைக்கு அந்தக் கடைக்காரருக்குக் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே போட்டுவிட்டால் கிழட்டு சுவிட்ச் வழியாக அத்தனை கரண்ட்டும் ஓட வேண்டியதில்லை. இவையெல்லாம் இன்றைய வசதிகள், தாராளமாகப் பயன்படுத்த வேண்டியவை.

டைனமோ கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஊரில் பழைய வண்டி மின்வேலை தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. தேடிப் போக வேண்டியிருக்கிறது, போனால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்பவரை நம்பலாம். பார்த்தவுடனே ரெகுலேட்டர் என்று சொல்பவரிடம், மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். எஞ்ஜினை நன்றாக முறுக்கி வைத்துப் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ரெகுலேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. 15-ஐத் தாண்டினால் நேராக அதன் மேல் கை வைக்கலாம், பல்புகள் அடுத்தடுத்துப் போவதும் அதனால்தான். 13-க்கே ஏறவில்லையென்றால் முதலில் காயில், கனெக்டர், எர்த், பிறகுதான் ரெகுலேட்டர்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டி முடுக்குங்கள். கனெக்டர்களைப் பிரித்து உப்புத்தாள் காட்டி வாசலின் தடவுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி ஸ்டியரிங் கழுத்தில் வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் வெள்ளித்தாள் இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு சரியான ஆம்பியருக்கு ஃபியூஸ் போடுங்கள். அதற்கப்புறமும் லைட் மங்கலாக இருந்தால் எந்தச் சாமான் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.